புதன்கிழமைப் புகை

புதன்கிழமை, மாலை 6.42.

மகளிர் விடுதியின் புகை அலாரம் ஐந்து வாரத்தில் மூன்றாவது தடவையாகக் கத்தியது. மூன்று மாடிகளிலிருந்தும் முப்பத்திரண்டு பேர் இறங்கி வாசலுக்கு ஓடினார்கள். ஒருத்தி தலையில் ஷாம்பு நுரையோடு நின்றாள். இன்னொருத்தி இஸ்திரிப் பெட்டியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். எல்லோரும் வெளியே ஓட, வார்டன் மட்டும் உள்ளே போனார். பயம் என்ற சொல் அவருடைய அகராதியில் கிடையாது. அதில் இருந்ததெல்லாம் விதிகள்தான்.

கீழ்த்தளப் பொதுச் சமையலறையில் கண் எரிந்தது. மைக்ரோவேவ் அடுப்பின் கதவு திறந்து கிடந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியில் ஒரு பாப்கார்ன் பை, பாதி கருகி, தண்ணீர் பட்டுச் சீறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நர்ஸ், வேலைக்குப் போகிற வெள்ளைச் சீருடையில், ஈரத் துணியை விசிறிக்கொண்டு நின்றாள்.

"மறுபடியும் நீதானா?"

"நான் பக்கத்துலயேதான் நின்னேன் மேடம். ரெண்டு நிமிஷம்கூட ஆகல."

"பக்கத்துல நின்னா எப்படிக் கருகும்? ஃபோன்ல பேசிட்டு இருந்திருப்ப."

"ஃபோன் மேல ரூம்ல சார்ஜ்ல கிடக்குது மேடம். வேணும்னா போய்ப் பாருங்க."

வார்டன் பார்க்கவில்லை. நெருப்பில்லாமல் புகையாது என்பது அவருடைய அசைக்க முடியாத கொள்கை. கருகிய பையை இடுக்கியால் எடுத்து, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, தேதியும் நேரமும் எழுதி ஒட்டினார். அரை மணி நேரத்தில் கடிதமும் தயாராகிவிட்டது. விதி பதினான்கு: ஒரே ஆளால் மூன்று முறை அலாரம் அடித்தால், அந்த ஆள் மூன்று நாளில் அறையைக் காலி செய்ய வேண்டும். காரணம் என்ற இடத்தில் வார்டன் தன் முத்து முத்தான கையெழுத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதினார்.

கடிதத்தை வாங்கிக்கொண்ட நர்ஸ் அறையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒரு சொல்லின்மேல்தான் அவள் விரல் நின்றது.

"நான் பிறந்த குழந்தைங்க வார்டுல வேலை பாக்கறேன் மேடம். ராத்திரி பூரா அதுங்க மூச்சு விடுதான்னு பாக்கறதுதான் என் வேலை. இந்த வார்த்தையோட போனா எந்த விடுதியிலும் சேத்துக்க மாட்டாங்க. நடந்து போற தூரத்துல ரூம் இல்லாட்டி அந்த வேலையும் இல்ல."

"அதை நெருப்பு வெக்கிறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்," என்றார் வார்டன்.

அன்று படுக்கையில் வார்டனுக்கு நல்ல தூக்கம் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதை நினைத்து அவர் பிற்பாடு நிறைய வெட்கப்பட்டார்.

வியாழக்கிழமை, காலை 11.05.

விடுதிக் கமிட்டி ஒரு காகிதம் கேட்டிருந்தது. அடுப்பில் பழுது இல்லை என்று மெக்கானிக் எழுதிக் கொடுத்தால்தான் ஒருத்தியை வெளியேற்ற முடியுமாம். அதற்காக வார்டன் சர்வீஸ் ஆளை வரச் சொல்லியிருந்தார். வந்தது நாற்பது வயதுப் பெண். தோளில் கருவிப் பை, கொண்டையில் பேனா செருகுவதுபோல் செருகிய ஒரு மின் டெஸ்டர். கடைத்தெருவில் அவரை எல்லோரும் 'டெஸ்டர் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள்.

"ஒரு கையெழுத்துதான் வேணும்," என்றார் வார்டன். "மெஷின் நல்லா இருக்குன்னு போட்டுட்டு நீங்க கிளம்பலாம். ரெண்டாவது தடவை கருகினப்பவே ஒருத்தர் வந்து பாத்துட்டார்."

"எப்படிப் பாத்தார்?"

"ஒரு கப் தண்ணி வெச்சார். ஒரு நிமிஷத்துல கொதிச்சுது. நல்லா இருக்குன்னார்."

"வந்தது என்ன கிழமை?"

"வியாழன். ஏன்?"

"இன்னிக்கும் வியாழன்," என்று மட்டும் சொல்லிவிட்டு டெஸ்டர் சமையலறையைச் சுற்றிப் பார்த்தார்.

பார்க்க நிறைய இருந்தது. சுவர் முழுக்க வார்டன் எழுதி ஒட்டிய அறிவிப்புகள். குழாயை இறுக மூடவும். கேஸை அணைத்துவிட்டுப் போகவும். கழுவிய பாத்திரங்களைக் கவிழ்த்து வைக்கவும். பிறர் உணவைத் தொடாதீர். சமையலறையில் நின்றுகொண்டு சாப்பிடாதீர். பத்தொன்பது அறிவிப்புகள், ஒன்றிலும் எழுத்துப் பிழை இல்லை. பாத்திர அலமாரியில் முப்பது டம்ளர்களும் தலைகீழாக, படைவீரர்கள் வரிசையில் நிற்கிற மாதிரி நின்றன. பெருக்குகிற அம்மா மதியத்தோடு போய்விடுவார் என்றும், ஐந்து வாரம் முன்பு அவர் அடுப்பின் கண்ணாடித் தட்டைக் கீழே போட்டு உடைத்ததிலிருந்து அந்த அடுப்பைத் தொட அவருக்குத் தடை என்றும் வார்டன் தகவல் சொன்னார்.

"அப்போ புதுத் தட்டை யார் கழுவறாங்க?"

"நானேதான். கண்ணாடி சமாச்சாரத்துல யாரையும் நம்பக் கூடாது. புதன்கிழமை சாயங்காலம் அஞ்சு மணின்னா அந்தத் தட்டு என் கையில இருக்கும். கடிகாரம் தப்பினாலும் நான் தப்ப மாட்டேன்."

"அடுப்பையும் நீங்க பயன்படுத்துவீங்களா?"

"நானா? எனக்குக் கண்ணுக்குத் தெரியற நெருப்பு வேணும். அந்தப் பெட்டியில ஒரு நாளும் எதையும் சூடு பண்ணதில்ல."

டெஸ்டர் தலையாட்டினார். அடுப்பின் கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"உள்ளே பல்பு எரியல."

"ஒரு மாசமா எரியல. பல்பு இல்லாட்டி சூடாகாதா என்ன?"

"சூடாகும். ஆனா உள்ளே என்ன நடக்குதுன்னு வெளியே நிக்கறவங்களுக்குத் தெரியாது," என்ற டெஸ்டர் கையை நீட்டினார். "கருகின பை இருக்கா?"

வார்டனுக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. போன தடவை வந்தவர் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. அலுவலக அலமாரியைத் திறந்து, தேதியிட்ட உறையை எடுத்து வந்து கொடுத்தார்.

"பிரமாதம் மேடம்," என்றார் டெஸ்டர். "போலீஸ்காரங்ககூட இவ்வளவு ஒழுங்கா வெக்க மாட்டாங்க."

அந்தப் பாராட்டில் வார்டன் கொஞ்சம் இளகி, டீ கொண்டுவரப் போனார்.

காலை 11.20.

டெஸ்டர் பழைய செய்தித்தாளை விரித்துப் பையைக் கிழித்துக் கொட்டினார். ஒரு மருந்துப் புட்டி மூடி அளவுக்குப் பையில் ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டையைச் சுற்றி எல்லாம் கரி. அதற்கு அடுத்து ஒரு கைப்பிடி பொரி, வெள்ளை வெளேரென்று. பையின் மறுகோடியில் சோளம் சோளமாகவே இருந்தது. வெடிக்கக்கூட இல்லை.

"இதைப் பாருங்க மேடம். அதிக நேரம் விட்டிருந்தா என்ன ஆகும்?"

"கருகும்."

"எல்லாமே கருகும். இங்கே கருகினது ஒரே இடம். இந்தக் கோடியில இருக்கறதுக்குச் சூடே போய்ச் சேரல. இந்தப் பொண்ணு அஞ்சு நிமிஷம் விட்டுட்டு ஃபோன் பேசியிருந்தா இத்தனை சோளம் பச்சையா மிஞ்சாது. சீக்கிரமாவே நிறுத்தியிருக்கா. அவ சொன்ன ரெண்டு நிமிஷம் உண்மைதான்."

வார்டன் சோளத்தைப் பார்த்தார். பதினாறு மணி நேரமாக இந்த உறை அவருடைய அலமாரியில்தான் இருந்தது. தேதி எழுதினாரே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

"அப்போ மெஷின்லதான் கோளாறு," என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"அதையும் அதுங்கிட்டயே கேட்டுருவோம்."

டெஸ்டர் பையிலிருந்து ஒரு சிறிய காகிதச் சுருளை எடுத்தார். கடைகளில் பில் அடித்துக் கொடுக்கிற காகிதம். மையே வேண்டாம், சூடு பட்டால் தானாகக் கறுத்துவிடும். நான்கு துண்டு கிழித்துத் தண்ணீரில் நனைத்து, கண்ணாடித் தட்டின்மேல் பக்கம் பக்கமாகப் பரப்பிப் பதினைந்து நொடி ஓட்டினார். வெளியே எடுத்தபோது காகிதம் முழுக்க ஒரே சாம்பல் நிறம்.

"தட்டு சுத்துது. சூடு எல்லா இடத்துக்கும் போகுது. மோட்டாருக்கு ஒண்ணும் இல்ல, நடுவுல இருக்கற இந்தக் குட்டிச் சக்கரத்துலயும் விரிசல் இல்ல."

அடுத்து, அந்தச் சக்கரத்தைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, புதுக் காகிதம் பரப்பி மறுபடி ஓட்டினார். மோட்டார் அதே மாதிரி உறுமியது. ஆனால் தட்டு நின்ற இடத்திலேயே நின்றது. இந்தத் தடவை காகிதத்தில் பெரும்பகுதி வெள்ளையாகவே இருக்க, வலது பின்மூலையில் மட்டும் மருந்துப் புட்டி மூடி அளவுக்குக் கன்னங்கரேலென்று ஒரு வட்டம்.

"அடுப்புக்குள்ள சூடு ஒரே மாதிரி பரவாது மேடம். சில இடத்துல கொதிக்கும், சில இடத்துல ஒண்ணுமே இருக்காது. அதனாலதான் தட்டைச் சுத்த விடறாங்க. சாப்பாடு ஊர்வலம் போற மாதிரி எல்லா இடத்தையும் தொட்டுட்டு வரும்."

கருகிய பையை எடுத்து, மடிப்பு கதவுப் பக்கம் வருகிற மாதிரி அந்தக் காகிதத்தின்மேல் வைத்தார். ஓட்டையும் கறுப்பு வட்டமும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தின.

வார்டன் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். ஒரு பில் காகிதத்தை வைத்துக்கொண்டு இந்தப் பெண் நேற்று மாலை நடந்ததைக் கண்முன் கொண்டுவந்துவிட்டாள். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். வல்லவளுக்குப் பில்லே போதும் என்று வார்டனுக்குத் தோன்றியது. வாய்விட்டுப் பாராட்டத்தான் வந்தது, வழக்கம் இல்லாததால் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"அப்போ நேத்து தட்டு சுத்தல," என்றார்.

"சுத்தல. இன்னிக்குச் சுத்துது. மெஷின் தானாக் கெட்டுத் தானாச் சரியாகாது. நேத்து சாயங்காலம் ஒரு கை அதை நிறுத்தியிருக்கு. இன்னிக்குக் காலையில இன்னொரு கை அதை ஓட வெச்சிருக்கு."

"இன்னொரு கையா? ஒரே கையா இருக்கக் கூடாதா?"

"இருக்கலாம்," என்றார் டெஸ்டர்.

கண்ணாடித் தட்டை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். முன்னும் பின்னும் திருப்பினார். ஒரு இடத்தில் நகத்தால் மெதுவாகச் சுரண்டி, நகத்தை மோந்து பார்த்தார்.

"அழுக்கு இருக்காது," என்றார் வார்டன், முகம் சிவந்து. "நேத்து அஞ்சு மணிக்குத்தான் தேய்ச்சுக் கழுவினேன். ஒரு பொட்டுகூட இருக்காது."

"நிச்சயமா?"

"கோர்ட்டுல வந்து சொல்லுவேன்."

"அது போதும் மேடம்."

டெஸ்டர் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி அலமாரியில் வைத்தார். வார்டன் பேச்சை நிறுத்தாமலே அந்த டம்ளரைத் தலைகீழாகத் திருப்பி வரிசையில் சேர்த்தார். டெஸ்டர் அதைப் பார்த்தார். டம்ளரையும் பார்த்தார், சுவரையும் பார்த்தார். பிறகு குடியிருப்பவர்கள் சிலரோடு பேச வேண்டும் என்றார்.

பகல் 12.10.

நர்ஸின் அறையில் ஒரு பெட்டி நிறைந்துவிட்டது, இன்னொன்று திறந்து கிடந்தது. இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்தவள் சீருடையைக்கூட மாற்றாமல், தூங்காமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் அந்தக் கடிதம், காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு கடிகாரம்.

"பாப்கார்ன் தினமும் பண்ணுவியாம்மா?" என்று கேட்டார் டெஸ்டர்.

"திங்கள், புதன், வெள்ளி. அன்னிக்கு எனக்கு வார்டுல துணைக்கு இன்னொரு நர்ஸ் உண்டு. ரெண்டு பேரும் சாப்பிடுவோம்."

"கருகினது?"

நர்ஸ் விரல் விட்டு எண்ணினாள். "மூணும் புதன். நடுவுல ரெண்டு புதன்கிழமை நான் லீவு. திங்கள்ளயும் வெள்ளியிலயும் ஒரு தடவைகூடக் கருகினதில்ல."

"எப்போ நிறுத்தணும்னு எப்படித் தெரியும் உனக்கு?"

"காது வெச்சுக் கேட்டுட்டே இருப்பேன்க்கா. படபடன்னு வெடிக்கும். அப்புறம் ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவுல ரெண்டு நொடி இடைவெளி வரும். அப்போ நிறுத்திரணும். நேத்து அந்த இடைவெளி வரவே இல்ல. சரியா வெடிக்கவும் இல்ல. என்னடான்னு பாக்கறதுக்குள்ள புகை வந்துருச்சு."

இருட்டு வார்டில் குழந்தைகளின் மூச்சைக் கேட்டுப் பழகிய காது அது. வாசற்படியில் நின்ற வார்டனுக்கு அப்போதுதான் அது உறைத்தது. கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று கைகூட லேசாக எழுந்தது. ஆனால் குற்றவாளி யார் என்று தெரியாமல் விதியை எப்படித் தளர்த்துவது? கை மறுபடி புடவைத் தலைப்புக்குள் போய்விட்டது.

பகல் 1.35.

பேங்க் அம்மா மதியச் சாப்பாட்டுக்கு விடுதிக்கு வந்தார். ஐம்பது வயது, தனி ஆள், முதல் மாடியில் சமையலறைக்கு நேர் மேலே அறை. பாப்கார்ன் வாசனை தலைவலி தருகிறது என்று இதுவரை நான்கு புகார் எழுதியவர். வார்டனின் சந்தேகம் அவர்மேல் பாய்ந்து வெகு நேரம் ஆகிவிட்டது.

"இன்னிக்குக் காலையில அடுப்பைத் தொட்டீங்களா?" என்று டெஸ்டர் கேட்டார்.

"தொடக்கூடாதுன்னு நேத்து ராத்திரியே வார்டன் அடுப்பு மேல எழுதி ஒட்டியிருந்தாங்க."

"அது நான் கேட்டதுக்குப் பதில் இல்லயே."

பேங்க் அம்மா வார்டனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "அஞ்சரைக்குப் பால் சுட வெச்சேன். தினமும் வெக்கறதுதான். பால் இல்லாம எனக்கு மாத்திரை உள்ளே போகாது."

"பால் நல்லா சூடாச்சா?"

"ஆச்சு. முதல்ல டம்ளர் ஆடிச்சு. வியாழக்கிழமைன்னா ஆடும். சரி பண்ணி வெச்சுட்டுத்தான் சுட வெப்பேன்."

"என்ன சரி பண்ணீங்க?" வார்டன் பாய்ந்தார். "யாரைக் கேட்டுப் பண்ணீங்க?"

"போதும் மேடம்," என்றார் டெஸ்டர் அமைதியாக. "எனக்கு எல்லாம் கிடைச்சிருச்சு."

வார்டன் அவரைத் தனியாகத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போனார். "இவங்கதானே? எனக்கு அப்பவே தெரியும். வாசனை பிடிக்காம அந்தச் சக்கரத்தைக் கழட்டி வெச்சிருக்காங்க, காலையில மாட்டியிருக்காங்க."

"யாருன்னு தெரிஞ்சுபோச்சு மேடம். தப்பு வேணும்னு பண்ணது இல்ல. உங்ககிட்ட மட்டும் தனியாச் சொல்லட்டுமா?"

"எதுக்குத் தனியா? எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. தப்புப் பண்ணவங்க தலைகுனிஞ்சாத்தான் மத்தவங்களுக்குப் புத்தி வரும்."

"இன்னொரு தடவை யோசிங்க மேடம்."

"யோசிக்க என்ன இருக்கு? விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

டெஸ்டர் சரி என்றார்.

பகல் 2.00.

சமையலறையில் நர்ஸும் பேங்க் அம்மாவும் நின்றார்கள். வார்டன் நடுவில், கைகட்டி, தீர்ப்பைக் கேட்கத் தயாராக நின்றார்.

டெஸ்டர் கண்ணாடித் தட்டை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "இந்தத் தட்டோட அடியில, நடுவுல மூணு மேடு இருக்கு பாருங்க. மோட்டார் மேல இருக்கற சக்கரம் இந்த மூணு மேட்டுக்கு நடுவுல பல்லு மாதிரி உக்காந்து தட்டைச் சுத்தும். தட்டை மாத்திக் கவிழ்த்து வெச்சா மேடு மேல வந்துரும், சக்கரத்துக்குப் பிடி கிடைக்காது. மோட்டார் உறுமும், தட்டு நகராது. கண்ணாடிங்கறதால பாத்தா வித்தியாசமும் தெரியாது. உள்ளே பல்பும் இல்ல."

"நேத்து அது கவிழ்ந்துதான் இருந்துதுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று வார்டன் கேட்டார். நியாயமான கேள்வி.

"பை ஓட்டையானப்போ கொஞ்சம் எண்ணெய் ஒழுகிக் கருகியிருக்கு. இதோ, பழுப்பா ஒரு கறை. இது எந்தப் பக்கம் இருக்கு?"

மூன்று பேரும் குனிந்தார்கள். கறை மேடுகளுக்குப் பக்கத்தில், தட்டின் அடிப்பக்கத்தில் இருந்தது.

"பாப்கார்ன் வெச்சது தட்டு மேல. எண்ணெய் இருக்கறது தட்டுக்கு அடியில. ஒட்டியிருந்த கறையை இன்னிக்கு யாரும் கவனிக்கல, ஏன்னா யாரும் அடிப்பக்கத்தைப் பாக்கறதில்ல. நேத்து சாயங்காலம் இந்த அடிப்பக்கம்தான் மேல இருந்துது." டெஸ்டர் பேங்க் அம்மாவிடம் திரும்பினார். "வியாழக்கிழமை டம்ளர் ஆடினது இந்த மேட்டு மேல வெச்சதாலதான். நீங்க தட்டைத் திருப்பி ஒழுங்கா வெச்சீங்க. சரியா?"

"ஆமா. யாரோ மாத்தி வெச்சுட்டாங்கன்னு திருப்பினேன். சொன்னா அதுக்கும் ஒரு அறிவிப்பு ஒட்டுவாங்கன்னு சொல்லல."

"அதனாலதான் அந்த மெக்கானிக் வந்தப்பவும் எல்லாம் நல்லா இருந்துது. இவங்க திருப்பின கை. கவிழ்த்த கை வேற." டெஸ்டரின் குரல் தணிந்தது. "நேத்து அஞ்சு மணிக்குத் தட்டில ஒரு பொட்டு அழுக்கு இல்லன்னு மேடம் கோர்ட்டுல சொல்லவே தயார். அப்போ கறை விழுந்தது அதுக்கப்புறம். அஞ்சு மணிக்கும் ஆறு நாப்பதுக்கும் நடுவுல அந்தத் தட்டைக் கையில எடுத்தவங்க ஒரே ஒருத்தர்தான். அஞ்சு வாரமா, புதன்கிழமைதோறும்."



"என் டீ டம்ளரைக் கழுவி வெச்சேன் மேடம். நீங்க என்ன பண்ணீங்க?"

எல்லோரும் அலமாரியைப் பார்த்தார்கள். முப்பத்தோராவது டம்ளர் தலைகீழாக நின்றது. அதற்கு நேர் மேலே சுவரில், முத்து முத்தான கையெழுத்தில், கழுவிய பாத்திரங்களைக் கவிழ்த்து வைக்கவும் என்று எழுதியிருந்தது.

"உங்க கைக்கு அது தெரியவே தெரியாது மேடம். தூசி படக் கூடாதுன்னு பழகின கை. அந்தத் தட்டையும் ஒரு பாத்திரமாத்தான் அது பாத்துது. மூணு தடவையும் அலாரம் அடிக்க வெச்சது நீங்கதான்."

வேலியே பயிரை மேய்ந்தால் காவல்காரன் என்ன செய்வான்? வார்டன் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்திரண்டு வருடம் முப்பது பெண்களின் தவறுகளைத் தேடித் தேடி எழுதியவர். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பதை அவர் அடிக்கடி மற்றவர்களுக்குத்தான் சொல்லியிருக்கிறார். அவமானம் காது வரைக்கும் சுட்டது. அதைவிட அதிகமாகச் சுட்டது, நேற்று இரவு தான் நிம்மதியாகத் தூங்கியது.

மறுக்கலாம். கறை பழையது என்று சொல்லலாம். அந்த நினைப்பு ஒரு கணம் வந்து போனது. ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று கொஞ்ச நேரம் முன்பு அவரே சொல்லியிருந்தார். சொன்ன சொல் மாறாதவர் என்பதுதான் அவரிடம் இருந்த ஒரே சொத்து.

"அந்த ரிப்போர்ட்டைக் குடுங்க," என்றார்.

டெஸ்டர் கருவிப் பையிலிருந்து சர்வீஸ் தாளை எடுத்து நீட்டினார். பழுதின் காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது. "இதை நிரப்ப எனக்கு மனசு வரல மேடம். அதுக்குத்தான் தனியாச் சொல்லட்டுமான்னு கேட்டேன்."

வார்டன் சமையல் மேடையில் தாளை வைத்து நின்றபடியே எழுதினார். இயந்திரத்தில் பழுது இல்லை. நர்ஸிடம் கவனக்குறைவு இல்லை. தட்டைக் கவிழ்த்து வைத்தவர் வார்டன். நாளைக்கே கமிட்டிக்குப் போகும் என்று சொல்லி, கீழே தன் கையெழுத்தையும் போட்டார். பல மெக்கானிக் ரிப்போர்ட்டுகளைப் பார்த்த டெஸ்டர், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. தன்னை அறியாமல் கொண்டையிலிருந்த டெஸ்டரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வார்டன் நர்ஸிடம் கையை நீட்டினார். "அந்தக் கடிதத்தைக் குடும்மா."

அவள் சீருடைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வார்டன் அதை நான்காகக் கிழித்தார்.

"மூணு தடவை சொன்ன, பக்கத்துலயே நின்னேன்னு. நான் ஒரு தடவைகூட நம்பல. மன்னிச்சுக்கோம்மா."

ஒரு இரவு முழுக்க அடக்கி வைத்த அழுகை நர்ஸுக்கு இப்போதுதான் வந்தது. முந்தானை எதுவும் இல்லாததால் பேங்க் அம்மா தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

"விதி பதினாலுப்படி பாத்தா," என்றார் பேங்க் அம்மா, கைக்குட்டை திரும்ப வரும்வரை காத்திருந்து, "சனிக்கிழமைக்குள்ள வார்டன்தான் ரூமைக் காலி பண்ணணும்."

"கமிட்டி சொன்னா பண்றேன்," என்றார் வார்டன், சிரிக்காமல்.

"சொன்னா நாங்க முப்பத்திரண்டு பேரும் எதிர்ப்புக் கடிதம் குடுப்போம் மேடம்," என்றாள் நர்ஸ், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அதை நான்தான் முதல்ல எழுதுவேன்."

பகல் 2.40.

டெஸ்டர் புதுப் பல்பைப் போட்டு, கடைசிச் சோதனைக்கு ஒரு பாப்கார்ன் பை கேட்டார். நர்ஸ் வைத்தாள். வெளிச்சத்தில் தட்டு நிதானமாகச் சுற்றியது. பை ஊதி எழும்ப, படபடவென்று வெடிகள் வந்தன. நர்ஸ் கண்ணை மூடிக் காதைக் கொடுத்து நின்றாள். இரண்டு நொடி இடைவெளி வந்த கணத்தில் அவள் விரல் பொத்தானை அழுத்திவிட்டது. பையைக் கிழித்தபோது ஒரு கருகல்கூட இல்லை.

ஐந்து வாரத்தில் ஒரு தடவையாவது இந்தப் பெண் பக்கத்தில் இப்படி நின்று பார்த்திருக்கலாம் என்று வார்டனுக்குத் தோன்றியது. டெஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, தொண்டையில் காலையிலிருந்து நின்றதை ஒருவழியாக வெளியே சொன்னார். "உங்களை மாதிரி ஒரு மூளையை நான் பாத்ததில்ல. நாலு பேர் முன்னாடி என் மானத்தை வாங்கினீங்க. ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை என்னைக் காப்பாத்தப் பாத்தீங்க."

"கேக்கலயே நீங்க," என்றார் டெஸ்டர் சிரித்துக்கொண்டு.

அவர் போன பிறகு வார்டன் சிவப்புப் பேனாவோடு சமையலறைக்குத் திரும்பினார். கழுவிய பாத்திரங்களைக் கவிழ்த்து வைக்கவும் என்ற அறிவிப்பின் கீழே, இருபத்திரண்டு வருடத்தில் முதன்முறையாக ஒரு விதிவிலக்கை எழுதினார்: 'ஒன்றைத் தவிர.' பிறகு நர்ஸ் மேடையில் விட்டுப்போயிருந்த கிண்ணத்திலிருந்து ஒரு கைப்பிடி பாப்கார்னை அள்ளி, சமையலறையில் நின்றுகொண்டு சாப்பிடாதீர் என்ற அறிவிப்புக்கு நேர் கீழே, நின்றுகொண்டே சாப்பிட்டார்.